வெறும் வயிற்றில் ஒரு ஸ்கூட்டர்

மனிதர்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் உண்மை பேசிவிடுவார்கள். காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். ஊசியக்கா தன் வேலையில் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது. அதை யாரும் கூப்பிடுவதில்லை. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்காக, விடிந்தும் விடியாத நேரத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவர் வேலை. கையில் பட்டையைக் கட்டி, தூங்கும் நரம்பைத் தட்டி எழுப்பி, "அந்தக் காலண்டர்ல என்ன போட்டிருக்கு பாருங்க" என்று சொல்லி, அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஊசியை இறக்கி எடுத்துவிடுவார். அதனால் எல்லாத் தெருவிலும் அவர் ஊசியக்கா. எழுபது வயதுக்காரர்களுக்கும் அக்காதான்.

வெறும் வயிறா என்று கேட்டால் எல்லோரும் வெறும் வயிறு. "பச்சத் தண்ணி பல்லுல படலம்மா" என்று ஒருவர் சத்தியம் செய்வார். செய்யும்போதே மீசையில் பால் நுரை காய்ந்துகொண்டிருக்கும். ஆரம்பத்தில் அக்கா நம்பினார். சர்க்கரை அளவு எகிறி, டாக்டர்கள் நிலையத்தைத் திட்ட, நிலையம் அக்காவைத் திட்ட, மறுநாள் அதே வீட்டுக்கு அதே ஊசியோடு மறுபடி போய் நின்ற பிறகு, கேள்வியை மாற்றினார்.

சாப்பிட்டீர்களா என்று கேட்கவே கூடாது. சாப்பிட்டாயிற்று என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்து விஷயத்தைச் சாதாரணமாகக் கேட்க வேண்டும்.

"காபிக்குச் சர்க்கரை போட்டீங்களா, போடலையா?"

"போடலம்மா. சும்மா அரை டம்ளர்."

"பிஸ்கட் முழுசா, பாதியா?"

"பாதிதான். அதுவும் நனைச்சுதான் தின்னேன்."

நனைத்துத் தின்றால் கணக்கில் வராது என்று உலகத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அக்கா பட்டையை அவிழ்த்துவிட்டு, "சரி, நாளைக்கு வரேன்" என்று கிளம்பிவிடுவார்.

போன வருடம் ஒரு வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது கால் வழுக்கியது. கையிலிருந்த ரத்தக்குழாய்ப் பெட்டியைக் காப்பாற்றப் போனதில் வலது கணுக்காலைக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளே தகடு வைத்துத் திருகாணி போட்டு மூடினார்கள். ஒரு குழாய்கூட உடையவில்லை என்று அக்கா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

"நடக்கலாம், படி ஏறலாம், இறங்கலாம். உதைக்க மட்டும் கூடாது," என்றார் எலும்பு டாக்டர்.

"யாரையுமா சார்?"

"ஸ்கூட்டரைச் சொன்னேன்."

அன்றிலிருந்து அந்த ஸ்கூட்டரின் கைப்பிடியில் இருக்கும் சின்னப் பொத்தான்தான் அக்காவின் வலது கால். பிரேக்கைப் பிடித்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து. வண்டி கிளம்பிவிடும். அவரும் அதை மறந்துவிடுவார்.

அவர் கணவர் தையற்காரர். வணிக வளாகம் ஒன்றில் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு முக்கோண இடத்தில் கடை. புதுத்துணி தைப்பதில்லை; பழையதைச் சரிசெய்வதுதான். நீளக் கால்சட்டையைக் குட்டையாக்குவார், பருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவார், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பார். வீட்டில் ஆளுக்கொரு ஊசி. "ஒருத்தி குத்திச் சம்பாதிக்கிறா, ஒருத்தன் குத்தித் தைக்கிறான். ரெண்டு பேருகிட்டயும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

தையற்காரருக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஒன்றைத் தவிர. அது எண்ணெய். தினமும் கடை திறந்ததும், மிஷினில் இருக்கிற அத்தனை ஓட்டையிலும் ஒரு சொட்டு விட்ட பிறகுதான் தனக்கு டீ சொல்வார். "இரும்புக்கு வாய் கிடையாது. நாமதான் பார்த்துக் குடுக்கணும்" என்பது அவர் கொள்கை. கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக் கதவுகள், ஜன்னல் கொக்கிகள், மின்விசிறி, குடை, பெட்டிச் சக்கரம், நகவெட்டி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை டிவி ரிமோட்டுக்கும் விட்டுப் பார்த்தார். வீட்டில் எந்தக் கதவும் முனகாது என்பதால் அவர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பதும், அக்கா திடுக்கிட்டுக் கரண்டியைப் போடுவதும் அன்றாடம் நடக்கிற கதை.

இப்படிப்பட்ட வீட்டில் ஸ்கூட்டர் மக்கர் செய்தது.

முதல் நாள் பொத்தானை அழுத்தியபோது "விர்ர்ர்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. உள்ளே ஏதோ மும்முரமாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் அசையவில்லை. "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று உள்ளறையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே கட்டிலை விட்டு எழாத ஆளைப் போல இருந்தது அது. நாலைந்து தடவை அழுத்தியதும் கிளம்பியது. மறுநாள் பத்துத் தடவை. அதற்கு மறுநாள் எத்தனை அழுத்தினாலும் விர்ர் மட்டுமே. ஆனால் யாராவது ஒரு உதை விட்டால் உடனே கிளம்பிவிடும். ஆக, வண்டி ஓடும். ஓட்டுகிற ஆளுக்குத்தான் உதைக்கக் கால் வேண்டும்.

அக்கா கால் தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு வீட்டிலும் ரத்தம் எடுத்து முடித்து வாசலுக்கு வந்ததும் தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பார். காலை ஓட்டம் ஓடுகிறவர்கள், பால் பாக்கெட் போடுகிறவர், பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்ற நிற்கிற அப்பாக்கள். "அண்ணே, ஒரு உதை." பெரும்பாலும் கிடைத்தது. ஒரு குடியிருப்பின் காவலாளி மட்டும் நாற்காலியை விட்டு மெதுவாக எழுந்து வந்து, ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கும் முட்டியில தகடு வச்சிருக்கும்மா" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு எந்த டாக்டர் என்று பேச ஆரம்பித்து, அதில் பத்து நிமிடம் போனது.

வெள்ளிக்கிழமை விஷயம் கைமீறிப் போனது.

பாத்திரக்கடை முதலாளி சர்க்கரைக்காரர். அன்று ஒழுங்காக வெறும் வயிற்றோடு இருந்தார்; அக்கா குறுக்குக் கேள்வி கேட்டும் மாட்டவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழியனுப்ப வாசல்வரை வந்தவர், அக்கா தெருவைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"தள்ளிக்கம்மா. நான் ஒரு காலத்துல ஃபுட்பால் ஆடினவன்."

"வேணாங்க. நீங்க இன்னும் சாப்பிடல."

"ஒரு உதைக்குச் சாப்பாடு எதுக்கு?"

ஒரு உதை போதவில்லை. அவர் பந்தை உதைப்பதுபோல உதைத்தார். மூன்றாவது உதையில் எஞ்சின் விழித்துக்கொண்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நின்ற வாக்கிலேயே சரிந்து, ஸ்கூட்டரின் கால்வைக்கும் பலகையில் உட்கார்ந்து, அப்படியே தெருவில் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே கணவர் மல்லாந்து கிடக்கிறார். பக்கத்தில் ரத்தப் பெட்டியோடு ஊசியக்கா. வண்டி தயாராக ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ அதையே அந்த அம்மாவும் நினைத்தார்.

சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் முதலாளி கண்ணைத் திறந்தார். "ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அவர் மன்னித்துவிட்டார். மனைவி நிலையத்துக்குப் போன் போட்டார். "உங்க ஆளு எங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்த ரத்தத்தையும் எடுத்துக்கிட்டு, மிச்சமிருந்த உயிரையும் வண்டி ஸ்டார்ட் பண்ண எடுத்துக்கிட்டாங்க," என்று சொன்னதாக மேலாளர் அக்காவிடம் வரி பிசகாமல் ஒப்பித்தார்.

மேலாளர் கெட்டவர் அல்ல. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார். "கால் வேற இப்படி இருக்கு. உள்ள வந்து உக்காருங்க. முன்னாடி டோக்கன் குடுக்குற கவுன்ட்டர். ஏசி. அலைச்சல் இல்ல. ரவுண்டுக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்."

கவுன்ட்டர் என்பது நாலு பக்கமும் கண்ணாடி அடித்த ஒரு கூண்டு. பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை. மற்ற ஊழியர்கள் அந்த நாற்காலிக்காகத் தவம் கிடக்கிறார்கள். அக்காவுக்கு அதைப் பார்த்தாலே மூச்சு முட்டும். அவருக்கு வேண்டியது வெளியே இருந்தது. விடிகாலையில் அடுத்தவர் வீட்டுக்குள் உரிமையோடு நுழைகிற வேலை வேறு யாருக்கு வாய்க்கும்? எந்த வீட்டில் கணவன் பாத்திரம் கழுவுகிறான், எந்த வீட்டில் அண்ணன் தம்பி ஒரே கூடத்தில் ஆளுக்கொரு டிவி வைத்திருக்கிறார்கள், யார் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊசிக்குப் பயந்தவர்கள் பயத்தை மறக்க மளமளவென்று பேசுவார்கள். அப்படிக் கேட்ட கதைகளை எல்லாம் சுமந்துகொண்டு, காற்று முகத்தில் அடிக்க அடுத்த தெருவுக்குப் போவதுதான் அவருக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற சம்பளம். கூண்டுக்குள் என்ன கிடைக்கும்? "டோக்கன் எங்க? வரிசைல வாங்க."

"ஒரு வாய்ப்புக் குடுங்க சார்," என்றார்.

மேலாளர் யோசித்தார். "திங்கக்கிழமை காலைல என் கண்ணு முன்னாடி வண்டி பொத்தான்ல கிளம்பணும். கிளம்பலன்னா சாவிய வச்சிட்டு உள்ள வந்து உக்காரணும். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்த அக்கா, வண்டியை உதைக்கச் சொல்லி மேலாளரையே கூப்பிட முடியாமல், எதிர்க்கடை ஜெராக்ஸ்காரரைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை மதியம் வண்டி மெக்கானிக் முன்னால் நின்றது. அவனுக்குச் 'சின்ன வேலை' என்று பட்டப்பெயர். எஞ்சின் இரண்டாகப் பிளந்து கிடந்தாலும் "சின்ன வேலைதான்க்கா" என்பான். பொத்தானை ஒருமுறை அழுத்தினான். விர்ர்.

"பேட்டரி டவுனு. சின்ன வேலை."

வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி அழுத்தினான். முன்பைவிடப் பலமாக விர்ர்ர்ர் என்றது. எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இப்ப இன்னும் நல்லா வேலை செய்யாம இருக்கு," என்றார் அக்கா.

"இருங்கக்கா. யோசிக்க விடுங்க."

"நீ யோசி. அதுக்குள்ள நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. மோட்டார் சுத்துது இல்ல? அப்ப கரண்ட்டுக்குக் குறை இல்ல. உதைச்சா உடனே ஓடுது இல்ல? அப்ப எஞ்சினுக்கும் குறை இல்ல. ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். பிறகு இரண்டு கையையும் வைத்து விளக்கினான். நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. மோட்டார் சுற்றியதும் அது தன் தண்டில் திருகிக்கொண்டே முன்னால் தாவி, பெரிய சக்கரத்தின் பல்லைக் கவ்வ வேண்டும். கவ்வி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இது பழைய இடத்துக்கு ஓடி வந்துவிடும்.

"அது தாவ மாட்டேங்குதுக்கா. தேஞ்சிருக்கும். செட்டோட மாத்திடலாம். சின்ன வேலை. சாமான் புதன்கிழமை வந்துரும்."

புதன்கிழமை அக்கா கண்ணாடிக்குள் இருப்பார்.

பரிசோதனை நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முடிவு நம்ப முடியாதபடி வந்தால், நோயாளியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்தக் குழாய் யார் யார் கைக்குப் போனது என்று பார்ப்பார்கள். அக்கா அதையே செய்தார்.

"இந்தப் பக்கத்து மூடியக் கடைசியா எப்ப தொறந்த?"

"போன மாசம், பெல்ட் மாத்துனப்ப. அந்தச் சக்கரம் அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அழுக்கே இல்லாம, காய வச்ச தட்டு மாதிரி."

"நீ பக்கத்துலயே இருந்தியா?"

"நான் எங்க போகப் போறேன்? டீ குடிக்க மட்டும் போனேன்."

"அப்ப வண்டிகிட்ட யாரு இருந்தா?"

"நம்ம மாமாதான். 'நான் பாத்துக்கறேன், நீ நிதானமா குடிச்சிட்டு வா'ன்னாரு. தங்கமான மனுசன்க்கா."

தங்கமான மனுசன் வெறும் கையோடு எங்கும் போக மாட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும். சட்டைப் பையில் அளவு நாடா இருக்கும். பக்கத்திலேயே எண்ணெய்க் குப்பியும் இருக்கும்.

படிக்கடியில் தையற்காரர் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு யாருடைய கால்சட்டையையோ மடித்துக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து உள்ளே போனார்.

"ஏங்க, பெல்ட் மாத்துன அன்னைக்கு வண்டியில ஏதாச்சும் செஞ்சீங்களா?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே தப்பான கேள்வி என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அது மனைவி கேட்ட கேள்வி. தையற்காரர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் திண்டில் குத்தினார். வழக்கத்தைவிட நிதானமாகக் குத்தினார்.

"நானா? எனக்கு ஸ்கூட்டரப் பத்தி என்ன தெரியும்? நான் ஏன் தொடப் போறேன்?"

இந்த முகத்தை அக்கா ஆயிரம் வீட்டில் பார்த்திருக்கிறார். பச்சைத் தண்ணீர் பல்லில் படாத முகம். அவர் வாடிக்கையாளர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். தொழில்காரியாக மாறினார்.

"அந்தச் சின்னப் பல்சக்கரத்துக்குப் போட்டீங்களே, அது மிஷின் எண்ணெயா, கிரீஸா?"

"முதல்ல எண்ணெய்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மிதிகட்டையில் இருந்த கால் அசையாமல் நின்றது.

"ம். அப்புறம்?"

"எண்ணெய் நிக்கல. வழிஞ்சிடுச்சு. அதான் மேல கொஞ்சம் கிரீஸ். அவன் டப்பா அங்கயே தொறந்து கிடந்துச்சு."

"கொஞ்சம்னா? விரல் நுனியாலயா, ஒரு விரலா?"

தையற்காரர் கத்தரியைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். "ரெண்டு விரல்," என்றார்.

அக்கா அவர் விரல்களையே பார்த்தார். அதுதான் தையற்காரரைப் பேச வைத்தது.

"பாவமா இருந்துச்சும்மா. அவ்வளவு வேலை செய்யற சாமான், ஒரு சொட்டு ஈரம் இல்லாம காஞ்சு கிடந்துச்சு. அவனுக்கு அக்கறை இல்லன்னு நினைச்சேன். உனக்குத்தான் கால் சரியில்ல, வண்டியாவது மக்கர் பண்ணாம இருக்கட்டும்னு..."

"உங்க அக்கறையால நான் தெருத்தெருவாக் கால் பிச்சை எடுத்தேன். இப்ப சாமான் வரப் புதன்கிழமை ஆகுமாம்."

"எனக்கு என்ன தெரியும்? நீ எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு விரல் போட்டிருப்பீங்க."

தையற்காரர் எழுந்தார், தலையை இடித்துக்கொண்டார், கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டார். "வா, அவனப் போய்ப் பாப்போம். புதன்கிழமையாவது ஒண்ணாவது. தைச்சவன்தான் பிரிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. இருந்தாலும் மெக்கானிக் வந்தான். டீ குடிக்கப் போனதால் இந்தக் கோளாறில் அவனுக்கும் பங்கு உண்டு என்று அக்கா அவனுக்குப் புரியவைத்திருந்தார். பக்கத்து மூடியைத் திறந்ததும் மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். பல்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு உருண்டை இருந்தது.

"மாமா, இது சக்கரமா, தார் ரோடா?"

பெல்ட் ஓட ஓடத் தூள் உதிரும் என்று மெக்கானிக் விளக்கினான். காய்ந்த இரும்பில் அந்தத் தூள் ஒட்டாது, பறந்துவிடும். கிரீஸ் இருந்தால் அத்தனையும் அதில் போய் ஒட்டிக் குழைந்து பசையாகிவிடும். அந்தப் பசைக்குள் மாட்டிக்கொண்ட சக்கரம் எங்கே தாவும்?

"இது எண்ணெய் குடிக்காத சாமான் மாமா. பட்டினி கிடந்தாத்தான் வேலை செய்யும்."

இப்படி ஒரு இரும்பு உலகத்தில் இருக்கும் என்று தையற்காரர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டார். மெக்கானிக் சக்கரத்தைத் தண்டோடு கழற்றி, தகர டப்பாவில் பெட்ரோலை ஊற்றி வைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு பொருளிலிருந்து எண்ணெயை எடுக்க உட்கார்ந்தார். எடுத்த காரியத்தை அரைகுறையாகச் செய்யத் தெரியாது என்பதால், ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் ஊசியை விட்டு நெம்பினார். கடையிலிருந்து கொண்டுவந்த துண்டுத் துணிகளால் தண்டின் திருகுப் பள்ளம் முழுக்கத் துடைத்தார். வெயிலில் காய வைத்தார். காய்ந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரே ஒரு சொட்டு..."

"மாமா."

"ஏங்க."

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. அவர் கையை எடுத்துவிட்டார்.

எல்லாவற்றையும் மாட்டி, மூடியைப் பேருக்கு ஒட்டவைத்து, அக்கா பிரேக்கைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினார்.

விர்ர்ர்.

மறுபடி அழுத்தினார். விர்ர்ர்.

பட்டறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா கைப்பிடியில் இருந்து விரலை எடுக்காமல் நின்றார். அவர் கண்ணுக்குள் அந்த வட்ட ஓட்டையும், அதற்கு அந்தப் பக்கம் டோக்கனுக்கு நீளுகிற கைகளும் தெரிந்தன.

"அவ்வளவுதான்க்கா," என்றான் மெக்கானிக். முதல்முறையாகச் சின்ன வேலை என்று சொல்லவில்லை. "தேஞ்சுதான் போச்சு. செட்டு மாத்தியே ஆகணும்."

தையற்காரர் மட்டும் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். சக்கரத்தை மெதுவாகத் தண்டில் உருட்டினார். முன்னால், பின்னால். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஒருமுறை.

"தேயல," என்றார். "கொஞ்ச தூரம் வந்து நிக்குது. பாபின்ல நூல் சிக்குனா கைக்கு இப்படித்தான் இருக்கும்."

"ஸ்கூட்டர்ல ஏது மாமா நூலு?"

தையற்காரர் கீழே கிடந்த துண்டுத் துணியை மட்டும் ஒருமுறை பார்த்தார். ஓரம் அடிக்காத துணி. நாலு பக்கமும் பிசிறு. மெக்கானிக்கும் அதைப் பார்த்தான். அக்காவும் பார்த்தார்.

"நீங்க போட்டதுதானா இதுவும்?" என்றார் அக்கா.

"எடுக்கப் போறதும் நான்தானே," என்றார் அவர்.

சக்கரத்தை மறுபடி கழற்றினார்கள். தண்டின் அடியில், திருகுப் பள்ளத்தோடு பள்ளமாக, ஒரு வெள்ளை நூல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. மெக்கானிக்குக்குக் காட்டிய பிறகும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. தையற்காரர் தையல் பிரிக்கிற சின்னக் கத்தியின் நுனியால் அதை ஒரு இடத்தில் தூக்கி, அறுத்து, முனையைப் பிடித்து இழுத்தார். ஒரு முழ நூல் வந்தது.

"மாமா, துணி தைக்கிறதோட நிறுத்திக்கங்க. எஞ்சினத் தைக்காதீங்க."

இந்த முறை அக்கா பொத்தானை அழுத்தியபோது விர்ர் என்ற சத்தமே கேட்கவில்லை. 'டக்' என்று ஒரு சின்னக் கவ்வல். அடுத்த நொடி எஞ்சின் உறுமியது. அக்கா அணைத்தார். அழுத்தினார், டக். அணைத்தார். அழுத்தினார், டக். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தார்.

"அக்கா, போதும். நிஜமாவே பேட்டரி போயிடும்."

தையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டார், இந்தத் தடவை தன் சட்டையிலேயே. "எண்ணெய் குடிக்காத இரும்புன்னு அவன் ஏதோ சொல்லிட்டுப் போறான்," என்று வீட்டுக்குப் போகும் வழியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "ஆனா பிரேக் கம்பி கொஞ்சம் முனகுது, கேட்டியா?"

"முனகட்டும். அது பாட்டுக்கு முனகட்டும்."

திங்கட்கிழமை விடிகாலையில் மேலாளர் வாசலிலேயே நின்றிருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு எரிந்தது. நாற்காலியில் புதிதாக ஒரு மெத்தை போட்டிருந்தது. அதையும் அவரே வாங்கி வந்திருப்பார் என்று தோன்றியது. கெட்டவர் அல்ல என்றேனே.

"ம், பாப்போம்," என்றார்.

அக்கா ரத்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்து அழுத்தினார். வண்டி கிளம்பியது.

"அணைங்க. இன்னொரு தடவை."

கிளம்பியது.

மேலாளருக்கு இன்னும் திருப்தி வரவில்லை. "இங்க சரி. நடு வழில நின்னுட்டா?"

"உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன் சார். நீங்க வந்து ஒரு உதை விடுங்க. காலைல நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க."

மேலாளர் தன் பளபளப்பான காலணியைக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே எரியும் விளக்கைப் பார்த்தார். "கிளம்புங்க," என்றார். "ஜனங்க பசியோட உக்காந்திருக்காங்க."

முதல் வீடு ஊரின் அந்தக் கோடி. அக்கா போய்ச் சேர்ந்தபோது தெரு இன்னும் எழுந்திருக்கவில்லை. ஓடுகிறவர்கள் இல்லை, பால்காரர் இல்லை, ஒரு நாயைத் தவிர ஆள் நடமாட்டமே இல்லை. போன வாரமாக இருந்தால் வண்டியை அணைப்பதற்கு முன் நூறு தடவை யோசித்திருப்பார். இப்போது சாவியைத் திருப்பி அணைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வலி இல்லாத காலை முதலில் வைத்து, மாடிப்படி ஏறத் தொடங்கினார். மேலே யாரோ அவசரமாக டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது.